அமெரிக்க நெடுஞ்சாலைப் பயணத்தில் மலிவான மோட்டல் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் காரை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் சுற்றக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, ராத்திரி எங்கே தங்குவது என்பதைப் பற்றித்தான். மேற்கு மாநிலங்களில் குடும்பத்தோடு சில முறை ஓட்டியிருக்கிறேன். ஒரு முறை அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த அனுபவத்தில் எழுதும் பதில்கள் இவை. அறைக்கு ஒரு நாள் 60 முதல் 100 டாலர் வரை செலவு செய்ய நினைப்பவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். அதற்கு மேல் கொடுக்க முடிந்தவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

மோட்டல் என்றால் நம்ம ஊர் பைபாஸ் மோட்டல் மாதிரியா?

இல்லை. நம் ஊரில் மோட்டல் என்றால் ஆம்னி பஸ் நடுராத்திரியில் நிறுத்தும் சாப்பாட்டுக் கடை. பாட்டுச் சத்தம், கட்டணக் கழிப்பிடம், ஆறிப்போன பரோட்டா. அமெரிக்காவில் அது தூங்குகிற இடம். சாப்பாடு பெரும்பாலும் கிடையாது.

'மோட்டார்', 'ஹோட்டல்' இரண்டையும் ஒட்டி உண்டாக்கிய பெயர் அது. 1925-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் திறந்த விடுதிதான் அந்தப் பெயரை முதலில் வைத்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஊர். அந்தக் காலத்துக் காரில் ஒரே நாளில் அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது, நடுவில் படுத்துத்தான் ஆக வேண்டும். நூறு வருஷம் ஆகியும் மோட்டலின் வேலை அதேதான்.

அசல் மோட்டலில் அறைக்கதவு நேராக வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்துத் திறக்கும். 'இன்' என்று முடியும் பெயரோடு, உள்ளே வராந்தா வைத்துக் கட்டிய மூன்று மாடி விடுதிகளும் இதே விலையில் உண்டு. இரண்டையுமே இங்கே மோட்டல் என்றே சொல்கிறேன்.

எதிலிருந்து தேட ஆரம்பிப்பது? எந்த ஆப் நல்லது?

ஆப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் மோட்டலைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள். ராத்தங்கல் செலவை நிர்ணயிப்பது எந்த ஊர், எந்தக் கிழமை என்ற இரண்டும்தான். ஒரே ஊருக்குள் நாலு ஆப்பைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினால் ஐந்து டாலர் மிச்சமாகும். ஊரை மாற்றினால் ஐம்பது டாலர் மிச்சமாகும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்ட முடியும் என்று முதலில் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் 350 மைல். மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் 450. 500-க்கு மேல் போட்டவர்கள் இரவு பத்தரைக்கு வந்து, கண் எரிய, கிடைத்த அறையில் விழுவார்கள். அந்தத் தூரம் முடியும் இடத்துக்கு முன்னும் பின்னும் 40 மைலுக்குள் இன்டர்ஸ்டேட் எனப்படும் மாநிலம் கடந்து ஓடும் பெருஞ்சாலையை ஒட்டி என்னென்ன ஊர்கள் என்று வரைபடத்தில் பாருங்கள். மூன்று நான்கு எக்ஸிட்டும் (பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் வழி) பத்துப் பன்னிரண்டு மோட்டலும் உள்ள ஊராக இருந்தால் போட்டியில் விலை இறங்கியிருக்கும். ஒரே ஒரு மோட்டல் உள்ள ஊரில் அந்த மோட்டல்காரர் சொன்னதுதான் விலை.

இன்னொன்று, பெரும்பாலான மாநிலங்களில் எக்ஸிட் எண் என்பதே மைல் கணக்குதான். அரிசோனாவில் ஐ-40 என்ற இன்டர்ஸ்டேட் சாலையில் வில்லியம்ஸ் ஊருக்குப் போகும் எக்ஸிட் 163 என்றால், கலிஃபோர்னியா எல்லையிலிருந்து 163 மைல் என்று பொருள். நீங்கள் எக்ஸிட் 50-ஐத் தாண்டும்போது குழந்தை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். வரைபடமே வேண்டாம்.

ஊர்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். யூட்டாவில் ஐ-70 சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் இல்லை, மோட்டல் இல்லை, ஒன்றுமே இல்லை. "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்" என்று சாயங்காலம் கிரீன் ரிவரைத் தாண்டிவிட்டால் அப்புறம் சலைனாதான்.

தேசியப் பூங்கா வாசலில் அறை விலை கேட்டாலே தலை சுற்றுகிறதே?

சுற்றத்தான் செய்யும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் பக்கத்தில் டுசாயன் என்ற சிற்றூர் இருக்கிறது. கோடைக்காலத்தில் அங்கே அறை விலை நம் வரம்பைத் தாண்டிப் போய்விடும். தெற்கே சுமார் 60 மைலில் வில்லியம்ஸ், 80 மைலில் ஃபிளாக்ஸ்டாஃப். இரண்டு ஊரிலும் மோட்டல்கள் வரிசையாக நிற்கும், விலையும் கைக்கு அடங்கும். ஸயான் பூங்காவுக்கு வாசலில் இருப்பது ஸ்பிரிங்டேல். கொஞ்சம் தள்ளிப் போனால் ஹரிக்கேன், இன்னும் தள்ளி செயின்ட் ஜார்ஜ். ஆர்ச்சஸ் பூங்காவுக்கு மோவாப் விலையேறிய ஊர், 50 மைல் தள்ளி நான் மேலே சொன்ன கிரீன் ரிவர். டெத் வேலிக்குப் பூங்காவுக்குள் தங்குவதை விட எல்லை தாண்டி நெவாடாவில் பியட்டி.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பூங்காவுக்கும் செய்யாதீர்கள். யெல்லோஸ்டோனை எடுத்துக்கொள்வோம். மேற்கு வாசலிலிருந்து ரெக்ஸ்பர்க் சுமார் 80 மைல். போக வர 160 மைல், ஆறு கேலன் பெட்ரோல், மூன்று மணி நேரம். பூங்காவுக்குள்ளேயே தினம் நூறு மைல் ஓட்ட வேண்டிவரும். காட்டெருமை சாலையில் நின்றுகொண்டால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். மூன்று நாள் இப்படி ஓடினால் பார்த்தது பாதி, ஓட்டியது மீதி என்று ஆகும். யெல்லோஸ்டோனுக்கு மட்டும் பணத்தைக் கொடுத்து வாசலிலேயே தங்குங்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரவுகளில் சிக்கனம் பிடியுங்கள் என்பதுதான் என் கட்சி.

மோட்டல் 6, சூப்பர் 8, டேஸ் இன்... இவற்றில் எது நல்லது?

பெயர்ப் பலகையை நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது. இவற்றில் பெரும்பாலானவை பெயர் உரிமை மட்டும் வாங்கி உள்ளூர்க்காரர் நடத்துபவை. ஒரே பெயரில் ஒரு ஊரில் பளிங்கு மாதிரி இருக்கும், அடுத்த ஊரில் உள்ளே நுழைய முடியாது. சூப்பர் 8, டேஸ் இன், டிராவலாட்ஜ், மைக்ரோடெல் எல்லாம் விண்டம் என்ற ஒரே குடையின் கீழ் வருபவை. இகானோ லாட்ஜ், ரோட்வே இன், குவாலிட்டி இன், ஸ்லீப் இன் எல்லாம் சாய்ஸ் என்ற குடையின் கீழ். பொதுவாகச் சொன்னால், மைக்ரோடெல், ஸ்லீப் இன் மாதிரி அந்தப் பெயருக்கென்றே கட்டிய கட்டடங்களில் ஏமாற்றம் குறைவு. பழைய கட்டடத்துக்குப் புதுப் பலகை மாட்டிய இடங்களில் பலகையைப் பார்க்காமல் படத்தைப் பாருங்கள்.

பெயர்களில் இருக்கும் எண்களுக்குக் கதை உண்டு. 1962-இல் சாண்டா பார்பராவில் மோட்டல் 6 தொடங்கியபோது அறை வாடகை 6 டாலர். 1974-இல் தெற்கு டகோட்டாவின் அபர்டீனில் சூப்பர் 8 தொடங்கியபோது 8 டாலர் 88 சென்ட். இன்று அந்தக் காசுக்கு ஒரு பர்கர் வரலாம்.

கவுன்டருக்குப் பின்னால் சாமி படமும் ஊதுபத்தி வாசனையும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அமெரிக்க மோட்டல்களில் பெரும்பகுதியைக் குஜராத்திக் குடும்பங்கள்தாம் நடத்துகின்றன. அதனால்தான் 'பட்டேல் மோட்டல்' என்ற பேச்சே உண்டானது. 1989-இல் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், நாட்டின் ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தன் உறுப்பினர்களுடையவை என்கிறது. 2024-இல் மோட்டல் 6 நிறுவனத்தையே நம் ஓயோ 52.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து வாங்கியும் விட்டது. இதனால் நமக்குத் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்காதீர்கள், கிடைக்காது. ஆனால் சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கூகுளை விடச் சரியான பதில் வரும்.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது?

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதியவை மேலே வரும்படி மாற்றிவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும் படியுங்கள். மோட்டல்கள் அடிக்கடி கை மாறும், மேலாளர் மாறினாலே இடம் மாறிவிடும். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் ஒன்றும் எழுதமாட்டார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் வரவேற்பில் நடந்த சண்டையை எழுதுவார். உருப்படியான செய்தி மூன்று நட்சத்திரக்காரரிடம்தான் இருக்கும்: "அறை சுத்தம், ஏ.சி. சத்தம், டவல் மெலிசு." அது போதும் நமக்கு.

காபி தண்ணீராக இருந்தது, டிவியில் சேனல் வரவில்லை என்பதையெல்லாம் தள்ளிவிடுங்கள். மூட்டைப்பூச்சி, கார் கண்ணாடி உடைப்பு, கதவு பூட்டவில்லை என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். "இங்கே மாதக்கணக்கில் குடியிருப்பவர்கள் அதிகம்" என்று பலர் எழுதியிருந்தால் அது வாரவாடகை மோட்டல். வீடு கிடைக்காமல் அங்கேயே வாழ்கிறவர்கள். அவர்களால் தொல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போகிறவருக்காக நடத்தும் இடம் அது அல்ல.

பகலில் எட்டிப் பார்க்க முடிந்தால் வாகனங்களைப் பாருங்கள். ஏணி கட்டிய வேன், கம்பெனி பெயர் எழுதிய பிக்கப் வண்டி நாலைந்து நின்றால் நல்ல அடையாளம். வேலைக்கு வந்த ஆட்கள் காலை ஐந்துக்கு எழுந்து போக வேண்டியவர்கள், ராத்திரி கூச்சல் இருக்காது.

அறையை முன்கூட்டியே பதிவு போட்டுவிடலாமா, போகிற போக்கில் பிடிக்கலாமா?

ஊரைப் பொறுத்தது. பூங்கா வாசல்கள், சனிக்கிழமை இரவுகள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இவற்றுக்கு முன்பே போடுங்கள். நடுவழி ஊர்களில் வார நாள் என்றால் மதியம் மூன்று மணிக்குச் சாப்பிட நிறுத்தும்போது போட்டால் போதும். அதற்குள் அன்றைக்கு எவ்வளவு தூரம் போவோம் என்பதும் தெரிந்துவிடும்.

எப்படிப் போட்டாலும் ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே போடுங்கள். பத்து டாலர் மலிவு என்று திருப்பித் தராத கட்டணத்தில் ஒரு முறை மூன்று இரவுக்குப் போட்டேன். முதல் நாளே பெரியவனுக்குக் காய்ச்சல், நூறு மைல் முன்னாலேயே தங்கிவிட்டோம். அந்த மோட்டலில் ஒரு இரவுகூடப் படுக்காமல் மூன்று இரவுக்குப் பணம் கட்டினேன். மிச்சம் பிடித்த முப்பது டாலரை மனைவி இன்னும் ஞாபகப்படுத்துகிறாள்.

ஆப்பில் விலை பார்த்தபின் அந்த மோட்டலுக்கே ஒரு போன் போட்டுப் பாருங்கள். டிரிபிள் ஏ என்ற கார் ஓட்டுநர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் கொஞ்சம் குறைப்பார்கள், சில இடங்களில் கேட்டாலே குறைப்பார்கள். நேரடியாகப் போட்டிருந்தால் அறை மாற்றுவதும் ரத்து செய்வதும் சுலபம். ஆப் வழியாகப் போட்டுவிட்டு கவுன்டரில் கேட்டால் "நீங்கள் பணம் கட்டியவரிடமே கேளுங்கள்" என்று கையை விரித்துவிடுவார்கள். போன் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: மோட்டலின் எண் என்று தேடினால் முதலில் வருவது பல நேரம் இடைத்தரகரின் கால் சென்டர். "நீங்கள் அந்த மோட்டலில் இருந்தே பேசுகிறீர்களா, உங்கள் வாசலுக்கு எதிரே என்ன கடை இருக்கிறது?" என்று கேளுங்கள். தரகராக இருந்தால் திணறுவார்.

இரவு ஒன்பதுக்கு மேல்தான் வருவோம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சின்ன மோட்டல்களில் வரவேற்பைப் பூட்டிவிட்டு உரிமையாளர் பின்னாலிருக்கும் வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார்.

திடீரென்று ஊர் முழுக்க அறையே இல்லாமல் போகுமா?

போகும். ஆகஸ்டில் தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸில் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கிறது, சுற்று வட்டாரம் முழுக்க விலை பல மடங்காகும். அக்டோபர் தொடக்கத்தில் ஆல்பகர்க்கியில் பலூன் திருவிழா. கல்லூரி ஊர்களில் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்கள். லாஸ் வேகாஸ் நேர்மாறு, வார நாளில் சும்மா கொடுப்பதுபோல் விலை சொல்வார்கள், வெள்ளிக்கிழமை ஆனதும் ஏறிவிடும்.

குளிர்காலத்தில் வயோமிங்கின் ஐ-80 சாலை தனிக்கதை. பனிக்காற்று அடித்தால் சாலைக்குக் குறுக்கே கேட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். மூடியதும் லாரிக்காரர், குடும்பக்காரர் எல்லாரும் லாரமியிலும் ராலின்ஸிலும் ஒதுங்குவார்கள். அரை மணி நேரத்தில் அறை தீர்ந்துவிடும். மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தவுடனே போனை எடுங்கள், கேட்டைக் கண்ணால் பார்த்தபின் எடுத்தால் பிரயோஜனமில்லை.

59 டாலர் என்று போட்டிருந்தது, பில்லில் 69 வந்திருக்கிறதே?

வரி. இதற்கு நாடு முழுக்க ஒரே விகிதம் கிடையாது. மாநிலம், மாவட்டம், நகரம் எல்லாம் தனித்தனியாகப் போடும். டெக்சஸில் மாநில வரி மட்டும் 6 சதவீதம், ஹூஸ்டனில் எல்லாம் சேர்த்தால் 17. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற மத்திய விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதனால் கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் 'ரிசார்ட் கட்டணம்' தொல்லை குறைய வேண்டும். வரியை மட்டும் தனியாகக் காட்ட அந்த விதி இடம் கொடுக்கிறது. ஆகவே பணம் கட்டும் பக்கத்தில் வரும் கடைசித் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

இது தவிர, செக்-இன் செய்யும்போது 50 அல்லது 100 டாலர் டெபாசிட் என்று கார்டில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் உங்களுக்கு அது உறைக்காது. டெபிட் கார்டு என்றால் கணக்கிலிருந்தே பணம் முடங்கும், திரும்ப வரச் சில நாள் ஆகும். பத்து இரவு, பத்து ஊர், பத்து டெபாசிட் என்று கணக்குப் பாருங்கள். இந்திய டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ மட்டும் நம்பி வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். சில இடங்களில் 21 வயது ஆகாதவருக்கு அறை தரமாட்டார்கள், மாணவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நாங்கள் ஐந்து பேர். ஒரே அறையில் சமாளிக்கலாமா?

இரண்டு கட்டில் அறைக்கு வழக்கமான வரம்பு நாலு பேர். தீயணைப்பு விதியும் இதில் இருப்பதால் பேசிப் பயனில்லை. கைக்குழந்தையைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஐந்தாவது ஆளை மறைத்துக் கூட்டிப் போகலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். கேமரா இருக்கிறது, கூடுதல் கட்டணம் போடுவார்கள், அவமானம் வேறு. சோபா படுக்கை உள்ள அறையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் நடுக்கதவு வைத்த இரட்டை அறை. பெற்றோரோடு போகும்போது இரண்டு அறை எடுப்பது செலவு மாதிரி தெரியும். ஐந்தாவது நாள் காலையில் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது அது எவ்வளவு மலிவு என்று புரியும்.

எந்த அறையைக் கேட்டு வாங்குவது?

கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவருக்கு ஐஸ் மெஷின் பக்கத்து அறை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் தரைத்தளம் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு மாடி மோட்டல்களில் லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. பெரியவர்கள் இல்லாவிட்டால் மாடி நல்லது. தலைக்கு மேல் யாரும் நடக்கமாட்டார்கள், ஜன்னலை எட்டிப் பார்ப்பவரும் இல்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அறை, படிக்கட்டிலிருந்து இரண்டு மூன்று அறை தள்ளி.

ரயிலை மறந்துவிடாதீர்கள். தென்மேற்கில் ரயில் பாதையும் பழைய ரூட் 66 சாலையும் இன்டர்ஸ்டேட்டும் பல ஊர்களில் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. சாலைக் கடவை வருவதற்கு 15 முதல் 20 வினாடி முன்பே ஹாரன் அடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்: இரண்டு நீளம், ஒன்று குட்டை, மறுபடி ஒரு நீளம். சரக்கு ரயில் இரவெல்லாம் போகும். செயற்கைக்கோள் படத்தில் தண்டவாளம் எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஏ.சி. லாரி மாதிரி உறுமும். நான் அதற்குப் பழகிவிட்டேன், ரயில் சத்தத்தை அதுவே அமுக்கிவிடும்.

அறைக்குள் போனதும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியை உள்ளே கொண்டுவராதீர்கள். காரிலேயே இருக்கட்டும், அல்லது குளியலறைத் தரையில் வையுங்கள். கட்டிலின் தலைமாட்டு மூலையில் விரிப்பைக் கழற்றி, மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்து, போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மையில் புள்ளி வைத்த மாதிரி கறுப்புப் பொட்டுகள், துருப்பிடித்த நிறத்தில் கறை, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல். இவற்றில் எது இருந்தாலும் மூட்டைப்பூச்சி. தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாலும் அடித்துப் பாருங்கள். நாலு மூலைக்கும் இரண்டு நிமிஷம் ஆகும். இருந்தால் படம் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போங்கள். பக்கத்து அறையைக் கொடுத்தால் வாங்காதீர்கள், பூச்சி சுவர் வழியாகப் போகும். கட்டடத்தின் மறுகோடி, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடம்.

அடுத்து மூக்கு. புகை வாடை அடித்தால் அப்போதே போய்ச் சொல்லுங்கள். காலையில் சொன்னால் புகைத்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும், அதற்கு அபராதம் 200 டாலர் வரைகூடப் போகும். பிறகு வெந்நீர், ஏ.சி., கதவுப் பூட்டு. அவ்வளவுதான். டிவி ரிமோட்டைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

பாதுகாப்பு எப்படி? பெண்கள் தனியாகத் தங்கலாமா?

தங்குகிறார்கள். உள்வராந்தா வைத்த விடுதி, இரவு முழுக்க வரவேற்பில் ஆள், இரண்டும் இருந்தால் பத்துப் பதினைந்து டாலர் கூடக் கொடுக்கலாம். வரவேற்பில் இருப்பவர் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், நல்ல மோட்டல்களில் சாவி உறையில் எழுதித்தான் காட்டுவார்கள். இரவில் அறைக்குப் போன் செய்து "கார்டு வேலை செய்யவில்லை, எண்ணை மறுபடி சொல்லுங்கள்" என்றால் அது மோசடி. வைத்துவிட்டு நேரில் போங்கள்.

காரில் ஒரு சார்ஜர் வயர்கூட வெளியே தெரியக்கூடாது. பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் தங்கினால் டிக்கியையும் காலி செய்துவிடுங்கள். நகரத்துக்கு 40 மைல் முன்னாலேயே தங்கிவிடுவது அதை விட நல்லது.

அறைத் தொலைபேசியைப் பற்றி ஒன்று. 2013-இல் டெக்சஸின் மார்ஷல் நகரில் ஒரு விடுதி அறையில் கேரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய 9 வயது மகள் அவசர உதவி எண்ணான 911-ஐ நாலு முறை அடித்தும் போகவில்லை. வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. அதன் பிறகு வந்த கேரி சட்டம், 2020 பிப்ரவரிக்குப் பின் பொருத்தும் தொலைபேசி அமைப்புகளில் 911 நேரடியாகப் போக வேண்டும் என்கிறது. பழைய மோட்டலில் பழைய அமைப்பு இருக்கலாம். போன் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அறையில் சமைக்கலாமா? காலைச் சாப்பாடு கிடைக்குமா?

இலவசக் காலை உணவு என்று போட்டிருந்தாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நல்ல இடமென்றால் நீங்களே மாவை ஊற்றிச் சுட்டுக்கொள்ளும் வாஃபிள், அவித்த முட்டை, பழம். சுமாரான இடமென்றால் பொட்டலத்தில் ஒரு பன்னும் காபியும்.

சமையல் பெரும்பாலான இடங்களில் கூடாது. மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் இருக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள். இரண்டு நிமிஷத்தில் சூடாகும் சாதப் பொட்டலம், கடையில் வாங்கிய தயிர், ஊரிலிருந்து வந்த ஊறுகாய் போதும். தாளிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். கடுகு வெடிப்பதற்குள் தலைக்கு மேலே அலாரம் வெடித்துவிடும், மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்கும். ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: நம் 230 வோல்ட் குக்கர் அங்கேயுள்ள 120 வோல்ட்டில் கால்வாசிச் சூடுதான் தரும். அரிசி ஊறும், வேகாது.

ஊரிலிருந்து என்ன கட்டாயம் எடுத்து வர வேண்டும்?

மக். முதல் நாள் இரவு அம்மா குளியலறைக்குள் போய் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தார். "பக்கெட்டும் இல்ல, மக்கும் இல்ல, இந்தத் தொட்டிக்குள்ள ஏறிக் குதிச்சு எப்படிடா குளிக்கிறது?" ராத்திரி பத்து மணிக்கு வால்மார்ட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஜாடி வாங்கி வந்தோம். அது பத்து ஊர் எங்களோடு பயணம் செய்தது. தொட்டி விளிம்பு உயரமாக இருக்கும், ஈரத்தில் வழுக்கும். பெரியவர்களுக்கு கைப்பிடி வைத்த அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

துணி துவைக்க, விருந்தினர் சலவை அறை இருக்கும் மோட்டலாக நாலு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். பல இயந்திரங்கள் இன்னும் நாணயத்தில்தான் ஓடுகின்றன. குவார்ட்டர் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். இங்கே குவார்ட்டர் என்றால் 25 சென்ட் நாணயம், வேறெதுவும் இல்லை.

பழைய ரூட் 66 மோட்டல்களில் தங்குவது வீண் செலவா?

ஒரு இரவு மட்டும் தங்கிப் பாருங்கள். 1926-இல் பிறந்து 1985-இல் அதிகாரபூர்வமாக எடுக்கப்பட்ட சாலை அது. சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை போனது. நியூ மெக்சிகோவின் டுகும்கேரியில் புளூ ஸ்வாலோ மோட்டலில் அறைக்குப் பக்கத்திலேயே ஆளுக்கொரு கார் கொட்டகை. சாயங்காலம் நியான் பலகை எரிந்ததும் தங்கியிருப்பவர்களெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அரிசோனாவின் ஹோல்புரூக்கில் விக்வாம் மோட்டலில் கூம்பு வடிவக் கான்கிரீட் கூடாரங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். இவற்றில் அறை குறைவு, முன்பே போட வேண்டும். அறையும் சின்னது, பெட்டியைத் திறந்தால் நடக்க இடமிருக்காது.

டிப்ஸ் வைக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இரண்டு மூன்று டாலர் மேசைமேல் வைத்தால் சுத்தம் செய்பவருக்குப் போய்ச் சேரும். குழந்தைகள் பிஸ்கட் கொட்டிய அறையென்றால் ஐந்து.

காலையில் காலி செய்யும்போது?

பெரும்பாலும் 11 மணி, சில இடங்களில் பத்து. அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் பகுதியில் கோடையில் கடிகாரத்தைக் கவனியுங்கள். அரிசோனா கோடை நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பூர்வகுடி நிலம் கடைப்பிடிக்கிறது. அரிசோனாவின் பேஜ் ஊரில் படுத்தால் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். சுவர்க் கடிகாரத்தைக் கேளுங்கள்.

பில்லைக் காகிதத்தில் வாங்கிவிடுங்கள், டெபாசிட் திரும்ப வராவிட்டால் அதுதான் சாட்சி. கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள், சுவர் பிளக்கில் சார்ஜர், குளியலறைக் கொக்கியில் துண்டு. எங்கள் ஜாடி ஒரு முறை அப்படித்தான் தொட்டிக்குள்ளேயே நின்றுபோய், 30 மைல் திரும்பி ஓட்டினோம்.